அரை சென்டிமீட்டர்

சுருளிவேலுக்குக் காய்ச்சல் இல்லை, கால் ஒடியவில்லை, குத்துக்கல்லாட்டம் நன்றாகத்தான் இருந்தான்; ஆனாலும் விடியற்காலை ஐந்து மணிக்கு அவனை மெத்தையோடு நாலு பேர் தூக்கிக்கொண்டு போய்த்தான் குட்டியானை வண்டியில் ஏற்றினார்கள். தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பொம்பளைகள் குடத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். "அடியாத்தே, முருகாயி மகனுக்கு என்னடி ஆச்சு?" என்று ஒருத்தி நெஞ்சில் கைவைத்தாள். சான்றிதழ்ப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்த அம்மாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "ஒண்ணும் ஆகல. ஒசரம் அளக்கப் போறான்" என்று மட்டும் சொன்னாள். உயரம் அளக்கப் போகிறவனை எதற்குப் பிணத்தைத் தூக்குகிற மாதிரி தூக்கவேண்டும் என்று அவர்களுக்கு விளங்கவில்லை. செலக்‌ஷனுக்குப் போகிற பையன்களுக்கு அது அரிச்சுவடி. ராத்திரி படுத்துக் கிடக்கும்போது முதுகெலும்பின் வட்டுகள் ஊறி உப்பிக்கொள்ளும். எழுந்து நின்றால் உடம்புக் கனத்தில் அமுங்கத் தொடங்கிவிடும். படுக்கையை விட்டு எழாதவன்தான் முழு உயரம். தீயணைப்புத் துறைக்கு நூற்றெழுபது சென்டிமீட்டர் வேண்டும். சுருளிவேல் நூற்று அறுபத்தொன்பதரை. நேற்று சாயங்காலம் ஆறு மணிக்குப் படுத்தவன் இன்னும் எழுந்திருக்கவில்லை. அடுத்த வருசம் வயசு தாண்டிவிடும், விண்ணப்பமே போடமுடியாது. இன்றைக்கு ஆறரை மணிக்குத் தேனி மைதானத்தில் இருக்கவேண்டும், அவ்வளவுதான் விஷயம். வண்டி கிளம்பும்போது அம்மா எட்டிப் பார்த்தாள். அவள் முகம் அவனுக்குத் தலைகீழாகத் தெரிந்தது.

மேலே நீலத் தார்ப்பாய். அதில் ஒரு கிழிசல், கிழிசலுக்குள் இருட்டு. கால்மாட்டில் அருள்பாண்டி வண்டிக் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறான், ஏழாம் வகுப்பிலிருந்து கூடவே திரிகிறவன், அவனுக்கும் இன்றைக்குத்தான் அளவு. ஓட்டுகிற மொக்கச்சாமி அண்ணனிடம் அவன்தான் பத்து தடவை சொல்லியிருக்கிறான், "பள்ளத்துல விட்ராதண்ணே, பாத்துப் பைய போ." அவரும் முட்டை ஏற்றிய வண்டியைப் போலத்தான் ஓட்டுகிறார். இருந்தாலும் கடமலைக்குண்டு ரோடு கடமலைக்குண்டு ரோடுதானே, ஒவ்வொரு குலுக்கலுக்கும் சுருளிவேலின் மனசு முதுகுக்குள் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தது. படுத்திருக்கும்போது குலுங்கினால் அமுங்குமா? நின்றால்தான் அமுங்கும் என்று சொன்னவன் குலுக்கலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. சொன்னவன் யார், அவனும் போன தடவை வரிசையில் நின்றவன்தான், அவனும் தேறவில்லை. தேறாதவன் சொன்னதைக் கேட்டுக்கொண்டா நான் ராத்திரி முழுக்கத் தலையணை இல்லாமல் கிடந்தேன். வேறு யார் சொல்வார்கள், தேறினவர்கள் எல்லாம் ஆறடி இருக்கிறார்கள், அவர்களுக்கு இதெல்லாம் தெரியவேண்டிய அவசியமே இல்லை. இன்னொரு குலுக்கல். பல்லைக் கடித்துக்கொண்டான். பல்லைக் கடித்தால் கழுத்து இறுகும் என்று பயந்து உடனே விட்டுவிட்டான்.

போன தடவை அவனுக்கு இந்த விவரமெல்லாம் இல்லை. முந்தின நாளே பஸ்ஸில் போய், பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தே தூங்கி, நாலு மணிக்கே போய் வரிசையில் முதல் ஆளாக நின்றான், முதலில் நின்றால் நல்லது என்று நினைத்த மடையன். அளக்க ஆரம்பித்தபோது மணி எட்டு. நாலு மணி நேரம் நின்று நின்று இருந்த உயரத்தைத் தரைக்குள் இறக்கிவிட்டுப் போய்ப் பலகையில் சாய்ந்தான். வெறுங்கால், குதிகால் பலகையில் ஒட்டவேண்டும், நேரே பார்க்கவேண்டும். எதிரே ஒரு வேப்பமரம், அதில் ஒரு காக்காய். மேலே இருந்து சட்டம் இறங்கி உச்சந்தலையில் டக்கென்று உட்கார்ந்தது. அளந்தவர் அமுக்கினார். அமுக்கினாரா? அவனுக்கு இன்றுவரை அது முடிவாகவில்லை. அமுக்கியிருக்கலாம், முடி அடர்த்தியாக இருந்தால் அமுக்கத்தான் செய்வார்கள், அதிலும் முன்னால் நின்றவன் முடிக்குள் மெழுகை ஒட்டிக்கொண்டு வந்து மாட்டியிருந்தான், அந்தக் கடுப்பை என் தலையில் காட்டியிருக்கலாம். இல்லை, அவர் அமுக்கவில்லை, நான்தான் அவ்வளவு. "நூத்தி அறுவத்தொம்பது அஞ்சு" என்றார். பக்கத்தில் இருந்தவர் அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே எழுதினார். கெட்ட வார்த்தை எதுவும் சொல்லவில்லை, முறைக்கவில்லை, "அந்தப் பக்கம் போப்பா" என்று தன்மையாகத்தான் சொன்னார்கள். திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றியது. அந்தப் பக்கம் என்று அவர்கள் காட்டிய பக்கத்தில் ஒரு கேட் இருந்தது, அதற்கு வெளியே ரோடு.

அரை சென்டிமீட்டர் என்றால் எவ்வளவு என்று அன்றைக்கு வீட்டுக்கு வந்து அளந்து பார்த்தான். ஸ்கேலை வைத்துப் பக்கத்தில் தீக்குச்சிகளை அடுக்கினான். இரண்டரைக் குச்சி. இரண்டரைத் தீக்குச்சிக் கனத்துக்காக ஒன்றரை வருசம் பாடுபட்டிருக்கிறான். ரேசன் கடைப் பின்னால் இருக்கிற இரும்புக் கம்பியில் காலில் செங்கல்லைக் கட்டிக்கொண்டு தொங்கினான். தோள்பட்டை இறங்கியதுதான் மிச்சம். உளுந்தங்களி தின்றான். சைக்கிள் சீட்டை ஏற்றிவிட்டுக் கால் எட்டாமல் மிதித்தான். இருபத்தைந்து வயசுக்கு மேல் எலும்பு வளராது என்று ஆஸ்பத்திரி டாக்டர் சிரிக்காமல் சொன்னார், அதையும் கேட்டுக்கொண்டு வந்து மறுநாள் தொங்கினான். ஒரு நாள் சாப்பிடும்போது அம்மா சோற்றைப் போட்டுவிட்டு அங்கேயே நின்றாள். "ஏங்கட்டைதான்டா ஒனக்கு வந்துருச்சு. அவரு ஒசரம் வந்திருக்கணும்" என்றாள். ஏதோ அவனுக்கு வரவேண்டியதைத் தானே தின்றுவிட்ட மாதிரி சொன்னாள். அவர் என்றால் அப்பா. அப்பா ஆறடி. மூணாறுப் பக்கம் எஸ்டேட் வேலைக்குப் போனவர் அங்கேயே ஒரு குடும்பத்தை வைத்துக்கொண்டார், உயரத்தை இங்கே கொஞ்சம் விட்டுவிட்டுப் போயிருக்கலாம், அதையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டார். அங்கே அவருக்கு ஒரு மகன் இருக்கிறானாம். நெட்டையாக இருப்பான். அவன் எந்த வேலைக்கும் விண்ணப்பம் போடமாட்டான், ஏலக்காய் மூட்டை தூக்குவான், வீணாகப் போகிற உயரம். அதெல்லாம் இல்லம்மா என்று சுருளிவேல் அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ரசத்தை ஊற்று என்று சொன்னான்.

கிழிசலுக்குள் இருட்டு கொஞ்சம் வெளுத்திருந்தது. மூத்திரம் முட்டியது. இன்னும் ஒரு மணி நேரம். வேறு எதையாவது நினைக்கவேண்டும். விண்ணப்பத்தில் மூன்று வேலை இருந்தது, போலீஸ், ஜெயில், தீயணைப்பு, எது முதலில் வேண்டும் என்று வரிசைப்படுத்தச் சொல்லியிருந்தார்கள். இந்தத் தாலுகாவிலேயே தீயணைப்பை முதலில் போட்டவன் அவன் ஒருவனாகத்தான் இருப்பான். அருள்பாண்டி அன்றைக்கு கம்ப்யூட்டர் கடையில் விழுந்து விழுந்து சிரித்தான். "கெணத்துல விழுந்த மாட்டத் தூக்கவா மாப்ள இம்புட்டுப் பாடு படுற? போலீசுன்னா ஊரே எந்திரிச்சு நிக்கும்டா." இவனுக்கு யாரும் எழுந்து நிற்கவேண்டியதில்லை. காலேஜ் இரண்டாம் வருசம், தீத்தொண்டு வாரம் என்று சொல்லித் தீயணைப்பு ஸ்டேசன்காரர்கள் மைதானத்துக்கு வந்தார்கள். ஒரு கேஸ் சிலிண்டரை நடுவில் வைத்துப் பற்றவைத்தார்கள், தீ ஆள் உயரத்துக்கு எழும்பியது, பொம்பளைப் பிள்ளைகள் கத்திக்கொண்டு பின்னால் போனார்கள். யாராவது வாங்க என்று காக்கி உடுப்புக்காரர் கூப்பிட்டார். எல்லாரும் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்தார்கள், அந்த நெரிசலில் யாரோ தள்ளிவிட்டுச் சுருளிவேல் முன்னால் வந்து விழுந்தான். அதுதான் உண்மை, தைரியமாகப் போகவில்லை, தள்ளிவிட்டார்கள். ஈரச் சாக்கைக் கையில் கொடுத்து, காற்று அடிக்கிற பக்கமிருந்து போ, சாக்கை உன் முன்னால் பிடி, விரலைச் சாக்குக்குள் சுருட்டிக்கொள், அப்படியே போர்த்து, ரெகுலேட்டரைத் திருகு என்றார். போர்த்தினான். தீ போய்விட்டது. இத்தனை பெரிய தீ, ஒரு நனைந்த சாக்குக்குள் ஒன்றுமில்லாமல் போய்விட்டது. அப்புறம் எல்லாரும் கை தட்டினார்கள். அதை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தட்டுவதற்கு முன்னால் ஒரு நொடி யாருமே பேசாமல் நின்றார்களே, அதுதான். பிறந்ததிலிருந்து அவன் செய்த ஒரே ஒரு முழுக் காரியம் அது. அதற்கப்புறம் அந்த ஸ்டேசனுக்கு அடிக்கடி போய் உட்கார்ந்து எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டான், எந்தத் தீக்குத் தண்ணீர், எந்தத் தீக்கு மணல், எதைத் தொடக்கூடாது. எழுத்துப் பரீட்சையில் கூட நல்ல மார்க். எல்லாம் இருக்கிறது, இரண்டரைத் தீக்குச்சி இல்லை.

அருள்பாண்டி எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு வந்தான். நூற்று எழுபத்தாறு. நேற்று ராத்திரி கல்யாண வீட்டில் பந்தி பரிமாறிவிட்டு வந்தவன், நாலு மணி நேரம் தூங்கியிருப்பான், எப்படித் தூங்கினானோ, குறுக்கிக்கொண்டு தூங்கியிருப்பான், என்ன நட்டம் அவனுக்கு. கயிறு ஏறுவதில் அணில். உள்ளங்கை காய்த்துப் போயிருக்கும், அதைத் தடவிக் காட்டிச் சிரிப்பான். எனக்கு அவனைப் பிடிக்கும் என்று சுருளிவேல் நினைத்துக்கொண்டான். நினைத்ததும் எதற்கு இப்போது இதை நினைக்கிறோம் என்று திக்கென்றது. ஏனென்றால் அதற்கு முந்தின நொடி நினைத்தது வேறு. இவன் இன்றைக்குத் தேறாமல் போனால் நன்றாக இருக்கும் என்று நினைத்திருந்தான். வேண்டுமென்று நினைக்கவில்லை, பாட்டு எரிச்சலாக இருந்தது, அதுபாட்டுக்கு வந்து போய்விட்டது. நெஞ்சுக்குள் இப்படி ஒரு கழிசடை உட்கார்ந்திருப்பது நெஞ்சளவு எடுக்கிறவர்களுக்குத் தெரியாது, எண்பத்தொன்று இருக்கிறதா, மூச்சை இழுத்தால் ஐந்து விரிகிறதா, அவ்வளவுதான் பார்ப்பார்கள். "மாப்ள, முழிச்சிருக்கியா?" என்று அருள்பாண்டி கேட்டான். "ம்." "ஒண்ணுக்கு வருதா?" "இல்ல." "வந்தா சொல்லு, பாட்டில் வச்சிருக்கேன். படுத்துக்கிட்டே போயிரலாம். எந்திரிச்சிறாத." அவன் அதற்காக ஒரு பாட்டிலை வாய் அகலமாக வெட்டிக்கூடக் கொண்டுவந்திருந்தான். சுருளிவேலுக்கு அழுகை வந்தது. மல்லாந்து படுத்து அழுதால் கண்ணீர் காதுக்குள் போகும், அது ஒரு இம்சை, அதனால் அடக்கிக்கொண்டான்.

அப்போதுதான் வண்டி கிறீச்சென்று நின்றது. மெத்தை முன்னால் வழுக்கிப் போய் அவன் தலை வண்டித் தகட்டில் முட்டியது. போச்சு, தலை அமுங்கிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தான், சிரிக்காதீர்கள், அப்படித்தான் நினைத்தான். முன்னாலிருந்து மொக்கச்சாமி, "ஏலே, அங்கிட்டுப் பாரு, டீக்கடை பத்திக்கிருச்சுடா!" என்று கத்தினார். ஒரு பொம்பளைக் குரல், "சிலிண்டரு, சிலிண்டரு" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. அருள்பாண்டி ஏற்கெனவே பாதி குதித்திருந்தான். "நீ எந்திரிக்காத மாப்ள, நான் என்னன்னு பாத்துட்டு ஓடியாறேன்." தார்ப்பாயின் ஓரம் விழுந்து மூடியது. நீலத் தார்ப்பாய் ஒரு பக்கமாக மஞ்சளாகி, அப்புறம் சிவந்தது. அவனுக்குத் தெரிந்த தீ அவ்வளவுதான், தார்ப்பாயில் விழுந்த நிறம். ஆனால் சத்தத்தைக் கேட்டே அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஸ்ஸ் என்று சீறுகிறது, டியூபில் பிடித்திருக்கிறது, சிலிண்டர் உடனே ஒன்றும் வெடிக்காது, நேரம் இருக்கிறது. டீக்கடை என்றால் வாசலில் கால் துடைக்க ஒரு சாக்கு கிடக்கும். பக்கத்தில் தண்ணீர் டிரம் இருக்கும். முக்கி எடுத்துப் போர்த்தித் திருகவேண்டும், கால் நிமிச வேலை. தண்ணீரை மேலே ஊற்றக்கூடாது, கையால் பிடித்து இழுக்கக்கூடாது. இது தெரிந்த ஆள் இந்த ரோட்டில் இப்போது ஒரே ஒருவன்தான், அவன் மெத்தையில் மல்லாந்து கிடக்கிறான். "சாக்கு!" என்று கத்தினான். "ஈரச் சாக்கப் போடுங்கடா! இழுக்காதீங்க!" படுத்தபடி கத்தினால் குரல் மேலே போய்த் தார்ப்பாயில் முட்டி அவன் முகத்திலேயே விழுகிறது. இன்னும் கொஞ்சம் உரக்கக் கத்தலாம். கத்துவதற்கு வயிற்றை எக்கவேண்டும், எக்கினால் முதுகு வளையும். எட்டு தப்படி இருக்குமா கடைக்கு? போக எட்டு, வர எட்டு, நடுவில் கால் நிமிசம், எல்லாம் சேர்த்து ஒரு நிமிசம் நிற்பேன். எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில்தான் அதிகமாகக் குறையுமாம், ஒரு சென்டிமீட்டர் குறைகிறது என்றே வை, அறுபதால் வகுத்தால் ஒரு நிமிசத்துக்கு ஒன்றுமே இல்லை. ஆனால் முதல் நிமிசத்தில் எவ்வளவு என்று யார் அளந்தது, எல்லாமே முதல் நிமிசத்தில் போய்விடுகிறதோ என்னவோ. சரி, பத்து எண்ணுவோம், பத்துக்குள் அணையாவிட்டால் எழுந்துவிடுவோம். ஒன்று. கீற்று எரிகிற வாடை வந்தது, அப்படியானால் கூரைக்குப் போய்விட்டது. இரண்டு. மூன்று. நான் போவதற்குள் அவர்களே அணைத்துவிட்டால் நான் எழுந்தது வீண், ஒன்றரை வருசமும் வீண். நாலு. அம்மா அங்கே சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். ஐந்து. மொக்கச்சாமி தண்ணீர் தண்ணீர் என்று கத்துகிறார், தண்ணீர் வேண்டாம், அண்ணே, தண்ணீர் வேண்டாம். ஆறு. முழங்கால் தானாக மடங்கியது. அதைப் பார்த்தான். அது அவன் முழங்கால்தான், அவனைக் கேட்காமலே மடங்கியிருந்தது, எழுந்திருக்கத் தயாராக இருந்தது. ஏழு. அதைத் திரும்ப நீட்டினான். எட்டு, ஒன்பது, பத்து. பத்து ஆனது. பத்து கொஞ்சம் வேகமாக எண்ணிவிட்டோம் என்று தோன்றியது, இருபது எண்ணுவோம் என்று வைத்துக்கொண்டான்.

பதினாலோ பதினைந்தோ எண்ணும்போது வெளியே தாரில் இரும்பு உரசிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது. கரகரவென்று நின்று நின்று வந்தது. யாரோ சிலிண்டரை இழுக்கிறார்கள். கூடவே ஒரு குரல், அது யார் குரல் என்று முதலில் தெரியவில்லை, பன்னிரண்டு வருசம் கூடத் திரிந்தும் அருள்பாண்டி அப்படி ஒரு சத்தம் போட்டு அவன் கேட்டதில்லை. அப்புறம் டமாரென்று எதுவோ ரோட்டோரப் பள்ளத்தில் விழுந்தது. நிறைய பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். "விடு, விடு, கிட்டப் போவாதீக, எரிஞ்சு தீரட்டும்." கூரையை யாரோ கம்பால் அடித்து இறக்கினார்கள். அந்தப் பொம்பளை இப்போது வேறு எதையோ சொல்லி அழுதாள், "யாரு பெத்த புள்ளையோ, யாரு பெத்த புள்ளையோ" என்றாள். தார்ப்பாயில் சிவப்பு குறைந்து பழையபடி நீலமானது. விடிந்திருந்தது. சுருளிவேல் கால்களை நீட்டி, குதிகால் இரண்டையும் சேர்த்து வைத்து, கைகளைத் தொடையோடு ஒட்டிப் படுத்திருந்தான். நான் கத்தினேன் என்று சொல்லிக்கொண்டான். சாக்கு என்று கத்தினேன், இரண்டு தடவை, அவர்களுக்குக் கேட்கவில்லை என்றால் நான் என்ன செய்வது. இரண்டு தடவையா? ஒரு தடவை நன்றாகக் கேட்கிற மாதிரி, இன்னொரு தடவை மெதுவாக. ஒரு தடவை என்றே வைத்துக்கொள்வோம். அந்த ஒரு தடவையும் மனசுக்குள்தானோ என்று ஒரு சந்தேகம் வந்தது, வந்ததும் தொண்டையைச் செருமிப் பார்த்தான், கத்தின தொண்டை மாதிரி இல்லை.

மொக்கச்சாமிதான் அருள்பாண்டியை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி வண்டியில் ஏற்றினார். மருதாணி வைத்துக்கொண்ட பொம்பளை மாதிரி இரண்டு கையையும் முன்னால் விரித்துப் பிடித்துக்கொண்டு அவன் கால்மாட்டில் உட்கார்ந்தான். கருகின முடியின் வாடை அவனோடு உள்ளே வந்தது. "நேரா ஆசுபத்திரிக்கு விட்ருவமா?" என்று மொக்கச்சாமி கேட்டார். "மொத மைதானம்ணே. ஆறரைக்குக் கேட்டச் சாத்திருவாங்க. இவன எறக்கி விட்டுட்டுப் போவோம்." "ஒனக்கும் இன்னைக்குத்தானலே அளவு?" "எங்கிட்டுண்ணே, இந்தக் கைய வச்சுக் கயிறா ஏற முடியும்? எங்க கோட்டாவுக்கு இன்னும் மூணு வருசம் வயசு கெடக்கு. இவனுக்குத்தான் இல்ல." வண்டி கிளம்பியது. முட்டை வண்டியெல்லாம் இல்லை இப்போது, நேரமாகிவிட்டது, அடித்து ஓட்டினார். கொஞ்ச தூரம் போனதும் அருள்பாண்டி குனிந்து பார்த்து, "நல்லவேள மாப்ள, நீ எந்திரிக்கல" என்றான். குத்திக் காட்டுகிறானா என்று சுருளிவேல் அந்தக் குரலை முழுக்கத் தடவிப் பார்த்தான். ஒன்றும் இல்லை. நிஜமாகவே நல்லவேளை என்றுதான் சொல்கிறான். "நான் உள்ள இருந்து நெனச்சேன், இந்தப் பய எங்க ஓடியாந்துருவானோன்னு. அதான் வெரசா இழுத்துப்புட்டேன்."

ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டது. பிடித்துக்கொள்ளக் கை இல்லாததால் அருள்பாண்டி பக்கவாட்டில் சாய்ந்து தகட்டில் மோதினான், விழாமலிருக்கக் கையை ஊன்றினான், ஊன்றியதும் அவன் வாயிலிருந்து மறுபடி அந்தச் சத்தம் வந்தது. சுருளிவேல் எழுந்துவிட்டான். யோசிக்கவில்லை, எண்ணவில்லை, நேற்று சாயங்காலத்துக்கப்புறம் முதல் தடவையாக எழுந்து உட்கார்ந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டான். தலை கிறுகிறுவென்று சுற்றியது. அந்தக் கைகளைப் பார்த்தான். உள்ளங்கையில் காய்ப்பெல்லாம் வெள்ளையாக ஊறிப் பொங்கியிருந்தது, வலது கையில் ஒரு இடத்தில் தோலே இல்லை. ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், சாக்கு என்கிற வார்த்தைதான் வந்தது. "ஏன்டா எந்திரிச்ச?" என்று அருள்பாண்டி அலறினான். வலிக்குக்கூட அவன் இப்படி அலறவில்லை. "படுறா! கூறுகெட்ட பயலே, படுறா! இம்புட்டுத் தூரம் வந்து கெடுக்கப் பாக்கிறியே!" அவன் தோளைச் சுருளிவேல் விடவில்லை. விடாததால் அருள்பாண்டி அந்த இரண்டு கையையும் இவன் நெஞ்சில் வைத்துத் தள்ளினான். பனியன் வழியாக அந்தச் சூடும் ஈரமும் தெரிந்தது. நெஞ்சு முழுக்கத் தெரிந்தது. அதற்கப்புறம் நடந்ததை அவன் யாரிடமும் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் நடந்தது அவ்வளவு சின்ன விஷயம்: அவன் படுத்துக்கொண்டான். முதுகை ஒவ்வொரு எலும்பாக மெத்தையில் இறக்கி, தலையை நேராக வைத்து, பழையபடி படுத்துக்கொண்டான். அருள்பாண்டி கையை எடுத்தபோது பனியன் அதில் ஒட்டிக்கொண்டு கூடவே கொஞ்சம் தூக்கி வந்தது. வண்டி மேடேறியது. தார்ப்பாய்க் கிழிசலில் வெளிச்சம் கண்ணைக் கூசவைத்தது. வேண்டாம், கேட்காதே, செத்துப்போ, அதைக் கேட்காதே என்று தன்னிடமே கெஞ்சிப் பார்த்தான் சுருளிவேல். முடியவில்லை.

"அருளு, எம்புட்டு நேரம்டா உக்காந்திருந்தேன்?"

அருள்பாண்டி முழங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தான். "அர நிமிசங்கூட இருக்காது மாப்ள" என்றான். "ஒண்ணும் கொறஞ்சிருக்காது. நீ பயப்படாம படு."